மழையில் நின்று பரிசு வாங்கியவர்

மலைகளின் அரசி எனப் பெயர் பெற்ற நம் உதகைக்கு வருவோர் ஏரியையும் மலர்க்காட்சியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். பைக்காரா செல்லும் வழியில் விரிந்து கிடக்கும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியைக் கண்டு வியந்து நிற்போரும் உண்டு. 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்த வெளியில்தான் ஜிம்கானா சங்கத்தின் பதினெட்டுக் குழிக் கோல்ஃப் திடல் அமைந்திருக்கிறது. குன்னூரை அடுத்த வெலிங்டனிலும் ஒரு திடல் உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே சமவெளியில் பறப்பதைக் காட்டிலும் பந்து இங்கே தொலைவாகப் பறக்கும். ஆடுகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். நம்மில் பலரோ அந்த ஆட்டத்தையே அறியோம்.

குழிப்பந்தாட்டம் என்று தமிழில் வழங்கும் கோல்ஃப், செல்வர்களின் விளையாட்டு என்று பெயர் எடுத்துவிட்டது. ஆனால் திடலுக்குள் செல்வர் மட்டுமா நடக்கிறார்கள்? அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்து வைத்து, எந்த மட்டையை எடுத்தால் பொருந்தும் என்று மெல்லச் சொல்லிக் கூடவே நடக்கும் ஏழைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேடி என்று பெயர். காவல் நிலையப் பதிவேட்டில் உள்ள கேடி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! இது ஆங்கிலேயர் ஆட்டத்தோடு வந்த சொல். பை சுமப்பவருக்கு வழங்கும் பெயர், அவ்வளவுதான்.

அப்படிப் பை சுமந்த ஒருவர், ஒரு நாட்டின் நிறவெறி அரசையே நிம்மதி இழக்கச் செய்த வரலாற்றை நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அவர் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். உலகம் அவரைப் பாப்வா செவ்கோலம் என்றே அறியும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநிலத்துக்கு இந்தியர்கள் எப்படிப் போனார்கள் என்பது வரலாற்று வகுப்பில் நாம் படித்ததே. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற முதல் கப்பல் 16.11.1860 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமே. மற்றவர்கள் கல்கத்தா வழியாகச் சென்ற வட நாட்டவர். பாப்வாவின் பெயரைக் கேட்டாலே அவர் குடும்பம் வட நாட்டு வழியினது என்பது விளங்கும். சிவசங்கர் என்ற நல்ல பெயர்தான் குடியேற்ற நாட்டு ஆங்கிலத்தில் செவ்சங்கர் என்று திரிந்தது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இந்த வரலாறு புதிதாகத் தோன்றவில்லை. இங்கே தேயிலை, அங்கே கரும்பு. இங்கே கங்காணி, அங்கே சர்தார். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பி வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

பாப்வா 1928-இல் டர்பனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தார். சிறு வயதிலேயே வெள்ளையர் ஆடும் கோல்ஃப் திடலில் கேடியாகச் சேர்ந்தார். ஆட்டத்தைக் கற்றுத் தர ஆசிரியர் இல்லை, படிக்க நூலும் இல்லை. கண்ணால் கண்டதைக் கையால் செய்து பார்த்தார். அங்கேதான் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அவர் மட்டையைத் தலைகீழாகப் பிடித்தார்!

இதைக் கிரிக்கெட்டைக் கொண்டு எளிதில் விளக்கலாம். வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலே இருக்கும், வலக்கை கீழே இருக்கும். கோல்ஃப் மட்டையையும் அப்படித்தான் பிடிப்பார்கள். பாப்வாவோ வலக்கைக்காரர் நிற்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். முறையாகப் பயின்ற எந்த ஆசானும் இதைக் கண்டால் முதல் நாளே திருத்தியிருப்பார். திருத்த ஆளில்லாத காரணத்தால் அந்தப் பிடி நிலைத்தது. பிற்காலத்தில் அது செவ்கோலம் பிடி என்றே அவர் பெயரால் அழைக்கப்பட்டது.

இந்தப் பிடியின் சிறப்பை உணர வேண்டுமானால் கோல்ஃப் வீச்சில் மணிக்கட்டு செய்யும் வேலையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பந்து அதிகம் போனால் 45.93 கிராம் எடையுள்ளது. போய்ச் சேர வேண்டிய குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மட்டையைப் பின்னுக்கு ஓங்கும்போது மணிக்கட்டு மடங்குகிறது. கைக்கும் மட்டைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செங்கோணம் உண்டாகிறது. கீழே வீசும்போது முதலில் உடல் திரும்ப வேண்டும், பிறகு கை வர வேண்டும், மட்டையின் தலை கடைசியாகத்தான் வர வேண்டும். அந்த மடிப்பு எந்தக் கணத்தில் அவிழ்கிறது என்பதில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது.

ஆற்றங்கரைக் கல்லில் துணி துவைப்பவரைப் பாருங்கள். கை முன்னே வருகிறது, ஈரத்துணி பின்னே வளைந்து தொங்கி வருகிறது. கல்லை நெருங்கும்போது கையின் வேகம் தணிகிறது, துணியின் நுனி விசையோடு சுழன்று வந்து கல்லில் அறைகிறது. தொடக்கத்திலேயே மணிக்கட்டை வெட்டி உதறினால் என்ன ஆகும்? விசையெல்லாம் காற்றில் போய்விடும், துணி கல்லில் சோர்ந்து விழும். கோல்ஃப் வீச்சும் இதுவே. கை ஓர் ஊசல், அதன் நுனியில் தொங்கும் மட்டை மற்றோர் ஊசல், இரண்டையும் இணைக்கும் கீல் மணிக்கட்டு. இதை இரட்டை ஊசல் என்பார்கள். அலஸ்டேர் கோக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியைத் தொகுத்து 1968-இல் வெளியிட்ட நூல், வீச்சை இந்த முறையில்தான் விளக்கியது.

மடிப்பு முன்கூட்டியே அவிழ்ந்தால் மட்டையின் வேகம் பந்தை அடையும் முன்பே உச்சத்தைத் தொட்டுத் தேய்ந்துவிடும். தூண்டில் வீசுவது போல் தொடக்கத்திலேயே உதறிவிடுவது புதிதாக ஆடுவோர் அனைவரிடமும் காணும் குறை. மாறாக, அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்து வைத்திருந்தால் மட்டையின் முகம் நேராகத் திரும்ப நேரமின்றித் திறந்தே நிற்கும், பந்து வலப்பக்கம் விலகி ஓடும். கீழ்நோக்கிய வீச்சு முழுவதும் ஏறத்தாழக் கால் விநாடியில் முடிந்துவிடுகிறது. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! இந்த இடைவெளியில் மூளை எண்ணி முடிவு செய்து ஆணையிட முடியுமா? முடியாது. ஆகவே மணிக்கட்டை நாம் திறக்கக் கூடாது, அது தானே திறந்துகொள்ள விட வேண்டும் என்பதே வல்லவர்கள் கண்ட வழி. பிடி தளர்வாக இருக்க வேண்டும். இடுப்பு முதலில் திரும்ப வேண்டும். சிறு வீச்சாகவும் மெதுவாகவும் தொடங்கி ஆயிரம் முறை பழக வேண்டும். சிலம்பம் பயின்றவர்களுக்கு இது புரியும். மணிக்கட்டு இறுகியவன் கையில் கம்பு சுழலாது.

சாதாரணப் பிடியில் கீழே இருக்கும் வலக்கைதான் பொறுமை இழந்து முன்கூட்டித் தள்ளிவிடும். பாப்வாவின் பிடியில் அந்த வலக்கை மேலே போய்விட்டது. கீழே இருந்த இடக்கை பந்தை நோக்கி இழுத்துச் செல்லும் கையாயிற்று. இடது மணிக்கட்டு பந்தைத் தொடும் வரை மடங்காமல் தட்டையாகச் செல்ல இப்பிடி துணை செய்கிறது. இக்காலத்தில் ஜோர்டன் ஸ்பீத் போன்ற புகழ்பெற்ற வீரர்கள் குழிக்கு அருகே பந்தை மெல்ல உருட்டும்போது இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பது இக்காரணத்தால்தான். ஆனால் உருட்டுவது வேறு, இருநூறு மீட்டருக்கு மேல் அடிப்பது வேறு. முழு வீச்சுக்கு இப்பிடி மிகக் கடினம். கைகள் ஒன்றையொன்று குறுக்கிடும், திரும்பும் வாட்டம் குறையும். நான் ஒரு சிலம்பக் கம்பை அப்படிப் பிடித்து வீசிப் பார்த்தேன், முழங்கைகள் இரண்டும் சண்டைக்கு நின்றன! இந்தத் தடையையெல்லாம் மீறி, வீச்சின் அவிழ்ப்பை உரிய கணத்தில் நிகழ்த்தக் கற்றார் என்பதே பாப்வாவின் மேதைமை. அந்தக் கணத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பல்லாயிரம் முறை அடித்து அவர் கைகளே அதைக் கண்டுபிடித்துக்கொண்டன.

வெள்ளையரல்லாதார் போட்டிகளில் அவர் வென்று வந்தார். வெள்ளையர் போட்டிகளின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. இந்நிலையில் கிரஹாம் வுல்ஃப் என்ற டர்பன் வேதியியலாளர் அவருடைய திறமையைக் கண்டார். பிற்காலத்தில் ஓலே என்று உலகமெங்கும் விற்பனையான முகப்பூச்சை உருவாக்கியவர் இவரே. இவருக்குப் பை சுமந்தவர் பாப்வா. தம் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கொடுத்து, 1959-இல் ஐரோப்பாவுக்கும் அழைத்துச் சென்றார் வுல்ஃப்.

அந்த ஆண்டே பாப்வா ஹாலந்து நாட்டின் திறந்த போட்டியில் வென்றார்! படிப்பில்லாத, பயிற்சியில்லாத, தலைகீழ்ப் பிடி பிடித்த ஓர் இந்தியக் கேடி, ஐரோப்பியத் தொழில்முறை வீரர்களை அவர்கள் மண்ணிலேயே வென்றது அந்நாளில் பெரும் செய்தி. ஒரு முறை வென்றால் நற்பேறு என்று ஒதுக்கிவிடலாம். 1960-இல் மீண்டும் வென்றார். 1964-இல் மூன்றாம் முறையும் வென்றார். நற்பேறு மூன்று முறை ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுமா?

வெளிநாட்டில் வென்றவருக்குச் சொந்த நாட்டில் ஆட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் திறந்த போட்டியில் ஆட அவருக்கு இடம் கிடைத்தது. வெள்ளை வீரர்கள் அனைவரையும் முந்தி அவர் முதலிடம் பெற்றார். தென்னாப்பிரிக்க மாநிலத் திறந்த போட்டி ஒன்றில் வெள்ளையரல்லாத ஒருவர் வென்றது அதுவே முதல் முறை.

பரிசளிப்பு நேரம் வந்தது. மழையும் வந்தது. சட்டப்படி இந்தியர் ஒருவர் அந்தச் சங்கக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. திடலில் ஆடலாம், வெல்லலாம், கூரையின் கீழ் மட்டும் நிற்கக் கூடாது! வெற்றிக் கோப்பை வெளியே, கொட்டும் மழையில், அவர் கையில் கொடுக்கப்பட்டது. அவர் நனைந்தபடி நின்று வாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நிறவெறி என்றால் என்ன என்று ஆயிரம் சொற்பொழிவுகள் விளக்காததை அந்த ஒரு படம் விளக்கிற்று. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு அப்படம் ஒரு கொடியாயிற்று.

1965-இல் அதே நேட்டால் போட்டியில் மீண்டும் வென்றார் பாப்வா. இம்முறை அவருக்குப் பின்தங்கியவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டில் அமெரிக்கத் திறந்த போட்டியிலும் வென்று, கோல்ஃப் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவர் என்ற புகழை அடைந்தவர் அவர். அத்தகையவரைத் தோற்கடித்ததைப் பாராட்டும் மனம் அரசுக்கு இல்லை. வெள்ளையரே உயர்ந்தவர் என்ற கோட்பாட்டின் மீது எழுந்த ஆட்சிக்கு, மட்டையைத் தலைகீழாகப் பிடித்த ஒரு மனிதர் பெரும் தொல்லையாகிவிட்டார். அதன் பிறகு போட்டிகளில் கலந்துகொள்ள அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. உள்ளே ஆட வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

காந்தியடிகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டது 1893-இல். சிறைக் கொடுமையால் நலிந்து தில்லையாடி வள்ளியம்மை உயிர் நீத்தது 1914-இல். அதே மண்ணில், அவற்றின் தொடர்ச்சியாகத்தான் பாப்வா மழையில் நின்றதை நான் காண்கிறேன். வள்ளியம்மையைப் போல் அவர் போராடச் சென்றவர் அல்லர். அரசியல் மேடை ஏறியவரும் அல்லர். பந்தை நேராக அடிக்க விரும்பினார், அவ்வளவே. அதுவே அங்கே குற்றமாயிற்று.

ஆனால் அந்த நனைந்த கோப்பை வீண்போகவில்லை. 1970-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு வந்தபோது எதிர் நின்ற நாடு தென்னாப்பிரிக்கா. நம் சென்னைச் சகோதரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அணியில் இருந்தார்கள், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனினும் நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா இறுதியாட்டத்தையே துறந்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று, பெருமையோ நம்மிடம் நின்றது. ஆடி வென்று கோப்பை வாங்கியவர் மழையில் நிற்க வேண்டியிருந்த நாடு அது. அதனோடு ஆடாமலே கோப்பையை விட்டுக்கொடுத்தது நம் நாடு. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போது என் நெஞ்சு நிமிர்கிறது.

1978 ஜூலையில் பாப்வா மாரடைப்பால் காலமானார். வயது 49. வறுமையிலேயே முடிந்தது அந்த வாழ்வு. அவர் பெயரால் டர்பனில் ஒரு கோல்ஃப் திடல் அமைந்தது. 1994-இல் நிறவெறி ஆட்சி ஒழிந்து, அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. அதைக் காண அவர் இல்லை.

திருக்குறளின் பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். 48, 49, 50 என்ற வரிசையில் அமைந்த இம்மூன்றும் செயலில் வெற்றி பெற வேண்டியவை. பாப்வாவின் வாழ்வை நினைக்கும்போதெல்லாம் இந்த வரிசை என் நினைவுக்கு வருகிறது. தம் வலியை அவர் அறிந்திருந்தார். காலத்தையோ விநாடியின் நுண்பகுதிவரை அவர் மணிக்கட்டு அறிந்திருந்தது. வலியும் காலமும் அவர் கையில் இருந்தன. இடம் மட்டும் பிறர் கையில் இருந்தது! இடம் மறுக்கப்பட்ட காரணத்தால் ஒரு மேதையின் சிறந்த ஆண்டுகள் வீணாயின.

ஆகவே மாணவ நண்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து முயற்சி திருவினையாக்கும் என்ற ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட என் மனம் ஒப்பவில்லை. முயற்சியில் பாப்வாவுக்குக் குறைவேதும் இல்லையே! முயன்றவனுக்கு நிற்க இடம் கொடுப்பது சமுதாயத்தின் கடமை என்பதே நான் கண்ட பாடம். நூலில் சொல்லாத பிடியைப் பிடிக்கும் ஒரு பிள்ளையை நாளை நம்மில் ஒருவர் ஆசிரியராக இருந்து காண நேரலாம். திருத்துவதற்கு முன்பு அவன் பந்து எங்கே போய் விழுகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் திருத்தலாம் அல்லவா?

நம் கல்லூரி எழுந்து நிற்கும் இடத்தையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 1820-களில் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா இது. உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. அந்நாளில் இந்த வாசலுக்குள் சுமை தூக்கி வந்த மலைமக்களுக்கும் கூலிகளுக்கும் உள்ளே அமர இடம் இருந்திருக்குமா? 1955-இல் இது அரசு கலைக் கல்லூரியாக மலர்ந்த பின், அவர்கள் வழிவந்த பிள்ளைகள் புத்தகம் சுமந்து அதே வாசலில் நுழைகிறோம். படகர், தோடர், கோத்தர், தாயகம் திரும்பியோர், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து படிக்கிறோம். வெளியே நீலகிரியின் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. உள்ளே நமக்கு இடம் இருக்கிறது. அந்த இடம் எளிதில் வந்ததன்று என்பதையும், இன்னும் வெளியே நிற்பவர்கள் உண்டு என்பதையும் மறவாமல் படிப்போமாக!